இங்கே ஸ்டாப்பிங் இல்லை

பூகோளம் எனக்கு ஐஸ் பெட்டியில்தான் படிந்தது.
துபாய் என்றால் ஒரு நாள் வாடகை.
சிங்கப்பூர்க்காரன் மதியத்துக்குள் வந்துவிடுவான்,
பெட்டி சரியாகக் குளிர்வதற்குள்.
மெல்போர்ன் ஒன்றரை.
அரை நாள் கணக்கு என்னிடம் இல்லை, அதனால் இரண்டு.
ஹூஸ்டன், டல்லாஸ் எல்லாம்
டிக்கெட் கிடைப்பதைப் பொறுத்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்து இங்கேயே முடிந்துபோகிற
வங்காளத்துக்காரர்களுக்கு
காட்பாடியிலிருந்து ரயிலில் இரண்டு ராத்திரி தூரம்.
பலபேரால் அந்தத் தூரத்தைக் கட்ட முடிவதில்லை.
பாலாற்றங்கரையில் போனைத் தூக்கிப் பிடித்து
அங்கிருந்து அழுகிறவர்களுக்குக் காட்டி
முடித்துக்கொள்கிறார்கள்.

வின்னிபெக் எனக்குப் புதிது.

வேலப்பாடி. மே மாதம், திங்கள் காலை.
கனகவல்லியம்மாள், வயது அறுபத்தெட்டு.
மூச்சு நின்றது ஆறு பத்துக்கு.
மகன் இருக்கிற ஊரில் அப்போது
ஞாயிறு சாயங்காலம் ஏழு நாற்பது.
போஸ்டர் அடிக்கிறவன் தேதி கேட்டபோது
ஒரு நிமிஷம் எனக்கே குழம்பியது.

முற்றத்தில் பெட்டியை இறக்கி
ஒயரை ஜன்னல் வழியாக இழுக்கையில்
வீட்டுக்காரர் முனிரத்தினம் கேட்டார்:
"இன்னா தூரம் கீது அந்த ஊரு?"
முப்பத்தோரு வருஷம் திருவண்ணாமலை ரூட்டில் கண்டக்டர்.
கிலோமீட்டர் சொன்னால் ஸ்டேஜ் போட்டுவிடுவார்.

போனில் பார்த்தேன். நேர்க்கோட்டில் பதிமூன்றாயிரம்.
விரலால் பூமியை உருட்டினேன்.
கோடு கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை.
நேரே வடக்கே ஏறி
துருவத்து ஐஸைத் தாண்டி
அந்தப் பக்கம் இறங்குகிறது.
நூற்றெட்டு டிகிரி வெயிலில்
பெட்டிக் கண்ணாடியில் வேர்த்ததைத் துடைத்துக்கொண்டே
அந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

அந்தக் கோட்டில் அவனுக்கு விமானம் இல்லை.
டொரண்டோவுக்கு இரண்டரை,
அங்கிருந்து தோஹாவுக்குப் பன்னிரண்டரை,
சென்னைக்கு நாலரை.
பறப்பது பத்தொன்பதரை மணிதான்.
நடுநடுவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பதினாலு.
"அந்தப் பதினாலு மணி
யாரு கூட உக்காந்துனு இருப்பான்?"
நான் பிளக்கைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

செவ்வாய் இரண்டு தடவை கரண்ட் போனது.
ஜெனரேட்டர். டீசல் தனிக் கணக்கு.

புதன் ராத்திரி ஒன்று முப்பத்தைந்து.
மாடிப்படியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தேன்.
அவர் வந்து நின்றார், கையில் போன்.
எதிர்வீட்டு ஜமீல் பையன் போட்டுக்கொடுத்த மேப்பில்
ஒரு மஞ்சள் விமானம்
பெங்களூரைத் தாண்டி எறும்பாக ஊர்ந்தது.

மேற்கே மலை முதுகில் ஒரு விளக்கு எழுந்தது.
சத்தம் பிறகுதான் வந்தது.
அண்ணாந்தோம்.
பெல்ட் போட்டுக்கொண்டு அவன் அங்கே.
பெட்டிக்குள் அவள் இங்கே.
நடுவில் ஏழு கிலோமீட்டர்கூட இருக்காது.
அணைக்கட்டு அதைவிடத் தூரம்.

கண்டக்டரின் கை தானாக வாய்ப்பக்கம் போனது,
விசில் இருந்த இடத்துக்கு.
பாதியில் இறங்கியது.
"பாயின்ட் டு பாயின்ட்," என்றார்.
"இங்க ஸ்டாப்பிங் இல்ல."

அது சென்னை போய் இறங்கி
அவன் வரிசையில் நின்று
அவனுடைய பெட்டிக்குக் காத்திருந்து
ஸ்ரீபெரும்புதூர் லாரிகளையும் வாலாஜா டோலையும் தாண்டி
தலைக்கு மேல் விட்டுப்போன இடத்துக்கே
நூற்று முப்பது கிலோமீட்டர் திரும்பி வர
ஐந்தரை ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

ஆறே காலுக்கு வந்தான்.
தோளில் ஒரு ஸ்வெட்டர், ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே.
மூடியைத் தூக்கினேன்.
குளிர் புகையாக ஏறி அவன் கண்ணாடியை மூடியது.
தடவித்தான் நெற்றியைக் கண்டுபிடித்தான்.
"ரொம்ப சில்லுனு இருக்காங்க," என்றான் என்னிடம்,
ஏதோ நான் வைத்தது அதிகம் என்பது போல.

நான் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.
பின்னால் முனிரத்தினம் அவனிடம் சொன்னார்,
"மேல போனியே, நைட்டு. பாத்தோம்."

"அப்பிடியா," என்றான்.
"நான் தூங்கிட்டேம்பா."